இரண்டு நல்லது, ஒரு குறை

ஓசூரில் இறங்க வேண்டியவன் அத்திப்பள்ளியில் இறங்கினேன். அத்திப்பள்ளி கர்நாடகம். கண்டக்டர் ஓசூர், ஓசூர் என்று கத்தத்தான் செய்திருக்கிறார். நான் கண்ணை மூடிக்கொண்டு, டீச்சர்கள் முன்னால் பேச வேண்டிய இங்கிலீஷை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"தூங்குறீங்கன்னு நெனச்சேன் சார். பெங்களூரு போறவருன்னு எழுப்பல" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

தூங்கவில்லை, பயந்துகொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

திரும்பி வர ஒரு கன்னட பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். நான் இங்கிலீஷில் பதில் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தமிழ்லயே சொல்லுங்க சார், நான் தர்மபுரில பொண்ணு கட்டினவன்தான்" என்றார். முன் சீட்டில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். வந்து இறங்கும் முன்பே இரண்டு அவமானம்.

நான் மகாபலிபுரத்துக்காரன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வெள்ளைக்காரர்களுக்குக் கோயிலைச் சுற்றிக்காட்டி, பாசிமணி விற்று, காதால் பிடித்த இங்கிலீஷ்தான் என்னுடையது. பேச வரும். எழுத வராது. நர்சரிப் பள்ளி டீச்சர்களுக்கு இங்கிலீஷ் பயிற்சி கொடுக்கிற ஒரு டிரஸ்டில் இருக்கும் ஸ்டெல்லா மேடம், கடற்கரையில் நான் ஒரு ஜெர்மன்காரரோடு வாயாடிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். "டீச்சருங்களுக்கு கிராமர் எல்லாம் தெரியும் தம்பி. வாயத் தொறக்கத்தான் பயம். பேச வைக்க ஒரு ஆள் வேணும்" என்றார். என் படிப்பு அவருக்குத் தெரியும். "யாராச்சும் கேட்டா சொல்லுங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

யாரும் கேட்கவில்லை. அதுதான் பயம். கேட்டுவிட்டால் ஒரேயடியாக முடிந்துபோகும். கேட்காத வரைக்கும், அடுத்த ஆள் வாயைத் திறக்கும்போதெல்லாம் இதோ கேட்கப்போகிறார் என்று இருக்கும்.

ஓசூரில் ஜூன் மாசத்துக் காலையில் குளிரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஜூனில் காலை ஏழு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டும். இங்கே துண்டைப் போர்த்திக்கொண்டு டீக்கடையில் நின்றேன். ரோடு முழுக்கக் கம்பெனி பஸ்கள். கழுத்தில் அட்டை தொங்க, ஒரே நிறச் சட்டையில் பையன்கள் தூக்கக் கலக்கத்தோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். டீ மாஸ்டர் சிவகங்கைப் பக்கத்து ஆள். ஒருத்தரிடம் கன்னடத்தில் சில்லறை கேட்டார், இன்னொருத்தரைத் தெலுங்கில் திட்டினார், என்னிடம் தமிழில் சர்க்கரை போதுமா என்றார்.

"எப்படிண்ணே கத்துக்கிட்டீங்க?" என்றேன்.

"எங்க கத்துக்கிட்டேன்? டீ கேட்டாய்ங்க, குடுத்தேன்."

எனக்கு அந்த ஆளின் மேல் பொறாமையாக இருந்தது. அவரிடம் யாரும் எம்.ஏ.வா என்று கேட்கப்போவதில்லை.

மத்தியானம் ஒரு மெஸ்ஸில் களி உருண்டையும் மொச்சைக் குழம்பும் வைத்தார்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காதவன் நான். களியைச் சோறு மாதிரி மென்றேன், பல்லெல்லாம் ஒட்டிக்கொண்டது. எதிரே இருந்த கம்பெனிப் பையன் பொறுக்க முடியாமல், "அண்ணாச்சி, மெல்லாதிய. குழம்புல முக்கி முழுங்கணும். நானும் வந்த புதுசுல மென்னு மென்னு தாடை வீங்கிப் போச்சு" என்றான். திருநெல்வேலிப் பேச்சு. ஊரை விட்டு வந்து அவன் முதலில் கற்றது முழுங்குவதுதானாம். "சூப்பர்வைசர் ஏசுனாலும் அப்படித்தான் முழுங்கணும்" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனான்.

டிரஸ்ட் ஆபீஸ் ஓசூரில் இருந்தாலும், பயிற்சி கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில். முதல்நாள் நான் உள்ளே நுழைந்ததும் டீச்சர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். யாரோ பெரிய ஆள் வருகிறார் போல என்று நான் ஒதுங்கி வழிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். பின்னால் பந்திப் பலகை தூக்கிக்கொண்டு இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். டீச்சர்கள் எனக்காகத்தான் நின்றிருந்தார்கள். ஸ்டெல்லா மேடம் மேடையிலிருந்து என்னை முறைத்தார்.

ஆனாலும் முதல் இரண்டு நாள் நன்றாகவே போனது. மேடம் பாடம் எடுப்பார். நான் டீச்சர்களை இரண்டு இரண்டு பேராகப் பேச வைப்பேன். காய்கறிக்காரராகவும் வாங்குகிறவராகவும் நடிக்கச் சொன்னால், ராயக்கோட்டை டீச்சர் ஒருத்தர் தக்காளியை இங்கிலீஷில் ஏலமே விட்டார். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்கும்போதுதான் கொஞ்சம் மூச்சு விட்டேன்.

அடுத்த இரண்டு நாள் பள்ளிகளுக்கே நேரில் போக வேண்டும். டீச்சர் வகுப்பெடுப்பார், நாங்கள் பின்னால் உட்கார்ந்து பார்ப்போம். பள்ளி நடத்துகிற கரஸ்பாண்டன்ட்டும் கூட இருப்பார். முடிந்ததும் கருத்துச் சொல்ல வேண்டும். அதற்கு மேடம் ஒரு முறை வைத்திருந்தார்: இரண்டு நல்லது, ஒரு குறை. நல்லதை முதலில் சொல்லணும். எல்லாவற்றையும் இங்கிலீஷில்தான் சொல்லணும். பாராட்டு இங்கிலீஷில் காதில் விழுந்தால்தான் டீச்சருக்கு அந்தப் பாஷை மேல் பயம் போகும் என்பார். எப்படிச் சொல்வது என்று நாலைந்து வாக்கியம் எனக்குச் சொல்லிக்காட்டினார். நான் அதை அப்படியே காதில் பிடித்துக்கொண்டேன். காதில் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன்.

புதன்கிழமை கிருஷ்ணகிரிப் பள்ளிகள். வாக்கியங்கள் தடங்கலில்லாமல் வந்தன. வியாழக்கிழமை மேடம் பேரிகைப் பக்கம் போய்விட, என்னைத் தனியாக வேப்பனப்பள்ளிப் பக்கத்து ஊர் ஒன்றுக்கு அனுப்பினார்.

பாதி வழியில் பஸ் டயர் பஞ்சர். இரண்டு பக்கமும் மாந்தோப்பு. டிரைவர் ஜாக்கியைத் தேடினார், கண்டக்டர் டிரைவரைத் திட்டினார், ஜனங்கள் இறங்கி நிழலில் உட்கார்ந்து தெலுங்கும் தமிழுமாகக் கதை பேச ஆரம்பித்தார்கள். யாருக்கும் அவசரமில்லை. நான் மட்டும் ரோட்டில் இப்படியும் அப்படியும் நடந்தேன். ஒரு கிழவி என்னைக் காட்டித் தெலுங்கில் ஏதோ சொல்ல, பக்கத்தில் இருந்தவர் எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார்: "நீங்க நடக்கறதுக்கு ஊருக்கே போய்ச் சேந்திருக்கலாமாம்."

வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தபோது கரஸ்பாண்டன்ட் முனிரத்தினம் கேட்டிலேயே இளநீரோடு நின்றிருந்தார். மாந்தோப்புக்காரர், வெள்ளை வேட்டி, கட்டை மீசை. வராந்தாவில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாரும் எழுந்து வணக்கம் வைத்தார்கள். வகுப்புக்கு நடக்கும்போது அவர் என் தோளைத் தொட்டுக் கேட்டார்:

"சார் எம்.ஏ.ங்களா, அதுக்கும் மேலயா?"

கையிலிருந்த இளநீரை அவசரமாகக் குடித்து முடித்தேன். "லேட்டாயிடுச்சுங்க, கிளாஸ ஆரம்பிச்சுடலாமா?" என்றேன்.

"ஆகட்டுங்க. சாப்பிடும்போது பேசிக்கலாம்."

வகுப்பெடுத்தவர் சரளா டீச்சர். ஒண்ணாம் வகுப்பு. இரண்டு நாளும் மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த, அதிகம் பேசாத பெண். அவர் பாடம் நடத்தினார். நான் பின்பெஞ்சில் உட்கார்ந்து, சாப்பிடும்போது என்ன சொல்லித் தப்பிப்பது என்று யோசித்தேன். தபாலில் படிக்கிறேன் என்று சொல்லலாமா? எந்த யுனிவர்சிட்டி என்பாரே. டிகிரி பாதியில் நின்றது என்றால்? எந்தக் காலேஜ் என்பாரே. பிள்ளைகள் ஒருமுறை கொல்லென்று சிரித்தது காதில் விழுந்தது. டீச்சர் தெலுங்கில் இரண்டு மூன்று தடவை பேசியதும் விழுந்தது. மற்றபடி அந்த வகுப்பு என் முன்னால் நடந்தது, அவ்வளவுதான்.

முடிந்ததும் ஆபீஸ் ரூமில் நின்று இங்கிலீஷில் சொன்னேன்: டீச்சரின் குரலில் நல்ல ஏற்ற இறக்கம் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையையும் கண்ணைப் பார்த்துப் பேசுகிறார். முனிரத்தினம் நிதானமாகத் தலையாட்டினார். இரண்டு நல்லது ஆயிற்று. குறைக்கு வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இதோ மறுபடி கேட்கப்போகிறார் என்று தோன்றியதும் மேடத்தின் வாக்கியம் தலையிலிருந்து ஓடிப்போனது. தமிழில் வந்துவிட்டது:

"ஒரே ஒரு குறைங்க. இங்கிலீஷ் கிளாஸ்ல தெலுங்கு கலந்துடறாங்க."

முனிரத்தினம் தலையாட்டவில்லை. சரளா டீச்சரைப் பார்த்துத் தெலுங்கில் இரண்டு வார்த்தை சொன்னார். டீச்சர் கையில் இருந்த சாக்பீஸை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். எனக்குத் தெலுங்கு தெரியாது. நாட்டுக்கோழிக் குழம்பும் களியும் வந்தன. மெல்லாமல் முழுங்கினேன். பெங்களூரா மாம்பழம் அறுத்து வைத்தார்கள். அவர் மாங்காய் விலையைப் பற்றியே பேசினார், என் படிப்பைக் கேட்கவே இல்லை. இந்தப் பயணத்தில் நான் வயிறாரச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அதை எழுதக் கூசுகிறது.

மறுநாள் மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலி காலி. பக்கத்தில் இருந்த மஞ்சுளா டீச்சரிடம் விசாரித்தேன். மஞ்சுளா வேறு பள்ளி, கிருஷ்ணகிரியில். ஆனால் சரளாவுக்குப் பக்கத்து வீடு.

"அவ இனிமே எதுக்கு சார் ட்ரெய்னிங் வரணும்? வேலைக்கே வர வேணாம்னு சொல்லிட்டாரு அவங்க கரஸ்பாண்டன்ட்."

"ஏன்?"

"ஏனா? நீங்கதான சார் கொறை சொன்னீங்களாம்."

"நல்லதும் சொன்னேனே டீச்சர். முதல்ல ரெண்டு நல்லது..."

"இங்கிலீஷ்ல சொல்லியிருப்பீங்க. அவருக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்து தெரியாது சார். தமிழ்ல சொன்னதுதான் மண்டைல ஏறியிருக்கு."

"தலையாட்டினாரே!"

"இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம் வெச்சிருக்கறவரு தலையாட்டாம என்னா பண்ணுவாரு?" அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவ வீட்டுக்காரரு ஓசூர்ல கான்ட்ராக்ட்ல இருந்தாரு சார். கம்பெனில ஆள் கொறைச்சுட்டாங்க, இப்ப வீட்லதான். பொண்ணு அதே பள்ளிக்கூடத்துல யூ.கே.ஜி. டீச்சர் புள்ளைன்னு ஃபீஸ் வாங்கறதில்ல. இப்ப அம்மா, பொண்ணு ரெண்டு பேரும் நின்னுக்க வேண்டியதுதான்."

பேரிகையிலிருந்து இன்னும் திரும்பாத மேடத்துக்குப் போன் போட்டேன். "முறைப்படிதான சொல்லியிருக்கீங்க தம்பி? ரெண்டு நல்லது, ஒரு குறை. நீங்க எதுக்குக் கவலைப்படணும்?" என்றார். கவலைப்படக் காரணம் தேவைப்படாதவன் நான். இப்போது காரணமும் இருந்தது. மத்தியான வகுப்பை ராயக்கோட்டை டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினேன். வழியில் செல்போன், கர்நாடகத்துக்கு நல்வரவு என்றது. கொஞ்ச தூரத்தில் ஆந்திராவுக்கு நல்வரவு என்றது. பஸ் என்னவோ தமிழ்நாட்டிலேயேதான் ஓடிக்கொண்டிருந்தது.

முனிரத்தினம் தோப்பில் இருந்தார். லாரியில் மாங்காய்க் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கயிற்றுக் கட்டிலைத் துண்டால் தட்டி, "வாங்க சார், வாங்க" என்றார். நான் உட்காராமலேயே சொன்னேன். டீச்சரைப் பற்றி நல்லதுதான் முதலில் சொன்னேன், அது இங்கிலீஷில் போய்விட்டது, குறை மட்டும் தமிழில் வந்துவிட்டது, அதை வைத்து அவரை நிறுத்திவிடாதீர்கள்.

அவர் கோபப்படவில்லை. பள்ளி விடுகிற நேரம், மகளைக் கூப்பிட சரளா கேட்டில் நிற்கும் என்று சொல்லி ஆள் அனுப்பினார். சரளா டீச்சர் வந்து, மகளின் பையைக் கையில் பிடித்தபடி ஒரு மரத்தடியில் நின்றார். மகள் உதிர்ந்த பிஞ்சு பொறுக்கப் போய்விட்டது.

"இப்ப சொல்லுங்க சார்" என்றார் முனிரத்தினம். "அந்த ரெண்டு நல்லது என்னா? தமிழ்ல சொல்லுங்க, அதுவும் கேக்கட்டும்."

"குரல்ல நல்ல ஏத்த எறக்கம் இருக்குதுங்க."

"ராயக்கோட்டை மண்டில ஏலம் வுடறவனுக்கும் அது இருக்குது. இன்னொண்ணு?"

"பிள்ளைங்க கண்ணப் பாத்துப் பேசறாங்க."

"பின்ன, செவுத்தப் பாத்தா பேசுவாங்க?" கூடை தூக்குகிறவர்கள் நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். "அது கெடக்கட்டும் சார். நேத்து என்னா பாடம் நடத்துச்சு? எந்த எடத்துல நல்லா நடத்துச்சு? அதச் சொல்லுங்க, எனக்குப் புரியும்."

நான் சரளா டீச்சரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை எடுத்துக்கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். கொடுக்கவில்லை.

"இன்னொரு தடவ கிளாஸ் எடுக்கச் சொல்லுங்க. நல்லா கவனிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

"மாட்டேன் சார்" என்றார் சரளா டீச்சர், சத்தம் போடாமல். "ஒருக்கா காட்டியாச்சு."

அதற்கு மேல் எனக்குப் போக இடமில்லை. "நான் பாக்கலைங்க" என்றேன். "நீங்க என் படிப்பக் கேட்டீங்க. நான் எட்டாவதுங்க. திரும்பக் கேட்டா என்னா சொல்றதுன்னு நெனச்சுக்கிட்டே உட்காந்திருந்தேன். பாடத்தக் கவனிக்கல."

லாரி மேலிருந்து யாரோ சிரித்தார்கள். முனிரத்தினம் சிரிக்கவில்லை. எட்டாவது என்றதற்கு அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அடுத்ததற்குத்தான் மாறியது.

"பாக்காமலேயே கொறை சொன்னீங்களா சார்? எம் மாங்காய்க்கு வெல பேச வர்றவன்கூட ஒரு காய அறுத்துப் பாத்துட்டுதான் கொறை சொல்றான்."

அவர் சரளா பக்கம் திரும்பினார். எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே பேசினார்.

"திங்கக்கெழம வந்துரும்மா. ஒண்ணாவதே எடு."

"தெலுங்கு?" என்றார் சரளா டீச்சர்.

"நம்மூட்டுப் புள்ளைங்களுக்குப் பேசாம எப்பிடி நடத்துவ? ஃபீஸ் கட்டறவன் ஏன் தெலுங்குன்னு கேக்கறான், கொஞ்சம் கம்மியா பேசு." அப்புறம் என்னிடம், "சார் வெறுங்கையோட போவக்கூடாது" என்று ஒரு பை நிறைய மாம்பழம் கொடுக்கச் சொன்னார். இவ்வளவு நடந்த பிறகும் எனக்கு 'சார்' பட்டம் போகவில்லை. வேண்டாம் என்று சொல்லக்கூடத் தகுதியில்லாத மாதிரி வாங்கிக்கொண்டேன்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் சரளா டீச்சரும் மகளும் அதே வழிதான். அவர் நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேனோ. மகள் முன்னால் ஓடி ஓடிப் போனது. நிறுத்தம் வந்ததும் அவர் நின்றார்.

"புதன்கெழம மஞ்சுளாவுக்கும் நீங்கதான சார் சொன்னீங்க? வாய்ஸ் நல்லாருக்குன்னு?"

"ஆமாங்க."

"வீட்டுக்கு வந்து எல்லார்கிட்டயும் சொன்னா. அவங்க மாமியாகிட்டகூட சொன்னா. அந்தம்மா இவள ஒரு நாளும் பாராட்டினதில்ல." சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். "அவளயாவது பாத்தீங்களா சார்?"

மஞ்சுளாவின் வகுப்பை நினைத்துப் பார்த்தேன். எவ்வளவு நினைத்தும், ஒரு பச்சைச் சுவரும் மின்விசிறியும்தான் வந்தன. பஸ் சத்தம் தூரத்தில் கேட்டது. இல்லை என்று தலையசைத்தேன்.

"அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். திட்டுகிற குரலில்லை, கெஞ்சுகிற குரலுமில்லை. மகளைக் கூப்பிட்டுக்கொண்டு நடந்தார்.

சனிக்கிழமை நிறைவு விழா. சரளா டீச்சர் வந்திருந்தார், மூன்றாவது வரிசையில், என்னைப் பார்க்காமல். சான்றிதழ் கொடுத்து முடித்து, எல்லாரும் போட்டோவுக்கு நின்று கலைகிறபோது மஞ்சுளா டீச்சர் என்னிடம் வந்தார். புதுப் புடவை. கூச்சப்பட்டுக்கொண்டு, ஆனால் தடங்கலில்லாத இங்கிலீஷில் கேட்டார்: வகுப்பில் எந்த இடத்தில் என் குரல் நன்றாக இருந்தது என்று சொல்ல முடியுமா சார், அதைத் தினமும் செய்ய வேண்டும்.

மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். சரளா டீச்சர் பையில் சான்றிதழை மடங்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாட்டுல டீச்சர்" என்றேன். "பாட்டு பாடினீங்களே, அந்த எடத்துல."

"நெனச்சேன் சார்!" என்றார். தமிழுக்கு வந்துவிட்டார், சந்தோஷத்தில். "எனக்கே அப்பத் தோணுச்சு. நீங்க கரெக்டா கவனிச்சிருக்கீங்க."

எல்லா நர்சரி வகுப்பிலும் ஒரு பாட்டு இருக்கும்.